பணியிடமே வகுப்பறை என்றால், பட்டத்தைத் தீர்மானிப்பவர் யார்?

தறிநூல் எழுதியது:

பட்டம் இல்லாமலேயே பதினோரு ஆண்டுகளாக ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் நிர்வாகமும் ஒரு பல்கலைக்கழகமும் கூட்டாக வகுத்த பட்டப்படிப்பு ஒன்றில் சேரும்படி இப்போது அழைப்பு வந்திருக்கிறது. வேலையை விட வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் படிப்புக்கு ஒதுக்கப்படும். இதுவரை வேலையில் கற்றுக்கொண்டதற்கும் ஓரளவு கிரெடிட், அதாவது பட்டத்துக்குக் கணக்கில் சேரும் மதிப்பலகு, கிடைக்கும். ஒப்படைப்புகள் எல்லாம் நான் அன்றாடம் பார்க்கும் எந்திரங்களைப் பற்றியவையாகவே இருக்கும் என்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்படிப் பெறும் பட்டம் வளாகத்தில் படித்துப் பெறும் பட்டத்துக்கு நிகரானதுதானா, அல்லது நிறுவனம் தன் ஊழியருக்குத் தரும் பயிற்சியின் மேல் பல்கலைக்கழகம் முத்திரை மட்டும் குத்துகிறதா என்ற ஐயம் எனக்கு இருக்கிறது. இரு தரப்பிலும் அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் முடிவெடுக்க உதவும்.

கரும்பலகை எழுதியது:

இருபது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் கற்பித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உங்கள் ஐயம் நியாயமானது. பாடத்திட்டக் குழுவில் வேலை தருபவரும் வந்து உட்கார்ந்துவிட்டால், இந்த ஆண்டு அவருக்கு எந்தத் திறனுள்ள ஆள் கிடைக்கவில்லை என்பதை நோக்கியே பேச்சு திரும்பிவிடும். அவரைக் குறை சொல்ல முடியாது. பணம் போடுபவர் பலனைக் கேட்கத்தான் செய்வார். ஆனால் பட்டம் என்பது ஒருவர் உழைக்கப்போகும் நாற்பது ஆண்டுகளுக்கும் துணையாக வர வேண்டியது. பத்தாண்டுகளில் பழைய இரும்புக்குப் போகப்போகும் எந்திரத்தோடு அதைக் கட்டிப்போடுவது மாணவருக்குச் செய்யும் அநீதி.

ஒரு பழைய செய்தியை நினைவூட்டுகிறேன். 2008ஆம் ஆண்டு ஜனவரியில் மெக்டொனால்ட்ஸ், ரயில் பாதைகளைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரெயில், ஃபிளைபி விமான நிறுவனம் ஆகிய மூன்றுக்கும், தம் ஊழியருக்குத் தாமே தகுதிச்சான்று வழங்கும் உரிமை பிரிட்டனில் அளிக்கப்பட்டது. அவை பல்கலைக்கழகம் வழங்கும் பட்டங்கள் அல்ல என்பது உண்மை. ஆனால் 2020 மார்ச்சில் ஃபிளைபி மூடப்பட்டது. கொடுத்தவரே இல்லாமல் போன பிறகு, அந்தச் சான்றிதழை வைத்திருப்பவர் அடுத்த நேர்காணலில் யாரைச் சாட்சிக்கு அழைப்பார்?

இரவுப்பணி எழுதியது:

கரும்பலகை ஐயாவின் எடுத்துக்காட்டு அவர் கட்சியைவிட என் கட்சிக்கே வலுச் சேர்க்கிறது. நிறுவனம் தனியாகக் கொடுக்கும் சான்று நிறுவனத்தோடு மங்கிவிடும் என்பதால்தானே பல்கலைக்கழகம் கூட்டாளியாக வர வேண்டும் என்கிறோம்?

இது நேற்று முளைத்த யோசனையும் அல்ல. 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் 27 பொறியியல் மாணவர்களைக் கொண்டு, ஒரு வாரம் வகுப்பு, மறு வாரம் ஆலை என்று மாறி மாறிப் படிக்கும் முறையைத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் பிறக்கும்போதே இந்தக் 'கோ-ஆப்' முறையோடுதான் பிறந்தது. ஜெர்மனியின் பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலத்தில் டைம்லர்-பென்ஸ், போஷ் முதலிய நிறுவனங்கள் முன்னின்று கேட்டதன் பேரில் 1974இல் தொடங்கிய தொழிற்கல்விக் கழகங்கள், 2009இல் முழுமையான கூட்டுநிலைப் பல்கலைக்கழகமாக உருப்பெற்றன. அங்கே மாணவர் ஏறத்தாழ மூன்று மாதம் வகுப்பிலும் மூன்று மாதம் நிறுவனத்திலும் இருப்பார். வகுப்பில் இருக்கும் மாதங்களுக்கும் நிறுவனம் ஊதியம் தருகிறது.

நானும் வேலையிலிருந்தபடியே படித்தவன்தான். மருந்துகளைக் குளிர்நிலையில் சேமிக்கும் கிடங்கு ஒன்றில் இரவு ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தேன். அறையின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவி ஒரு வாரம் முழுவதும் கோடு போட்டதுபோல் ஒரே அளவைக் காட்டியதைப் பெருமையாக முதல் ஒப்படைப்பில் எழுதி, வரைபடத்தையும் இணைத்திருந்தேன். திருத்திய பேராசிரியர் அந்த வரைபடத்தின் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "இந்த அறையின் கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கப்படுகிறது?" நாற்பது முறையாவது திறப்போம். அப்படியானால் கோடு எப்படி நேராக ஓடும்? அன்றிரவு ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். குளிர்காற்று வெளிவரும் வாய்க்கு நேர் கீழே உணரியைப் பொருத்தியிருந்தார்கள். அது அறையை அளக்கவே இல்லை. அளவீட்டுப் பிழை பற்றிய அதிகாரத்தை நான் முழுதாகப் படித்தது அந்த வாரம்தான், அதுவும் யாரும் சொல்லாமல். மூன்றாண்டு முழுநேரக் கல்லூரியில் படித்த என் தம்பிக்கு அதே அதிகாரம் ஐந்து மதிப்பெண் கேள்வியாக மட்டுமே நினைவிருக்கிறது.

கரும்பலகை எழுதியது:

அருமையான அனுபவம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனித்தீர்களா, நண்பரே? ஓரத்தில் அந்தக் கேள்வியை எழுதியவர் உங்கள் மேலாளர் அல்லர்; அந்தக் கிடங்கில் ஒருநாளும் வேலை பார்த்திராத ஒரு பேராசிரியர். எந்தச் சரக்கு எப்போது வெளியே போக வேண்டும் என்ற கவலை இல்லாத ஒருவருக்கே அந்தக் கேள்வி தோன்றியது. பல்கலைக்கழகம் என்று நான் சொல்வது அந்தத் தூரத்தைத்தான்.

நீங்கள் காட்டிய சின்சினாட்டியும் ஜெர்மனியும் மாணவரை வேலையிலிருந்து பிரித்தெடுத்து வகுப்பில் உட்கார வைத்த ஏற்பாடுகள். இன்று 'நெகிழ்வான கல்வி' என்று விற்கப்படுவது வேறு. எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது, வேலை நேரத்தில் படிக்கவே வேண்டாம் என்று நடைமுறையில் ஆகிவிடுகிறது. நெகிழ வேண்டியது மாணவரின் தூக்கமா, நிறுவனத்தின் ஷிப்ட் பட்டியலா? இங்கிலாந்தில் தொழில் பழகுநர் பயிற்சியில் சேர்ந்தவர்களில், 2021-22ஆம் கல்வியாண்டுக் கணக்குப்படி வெற்றியோடு முடித்தவர்கள் பாதியைச் சற்றே தாண்டினார்கள். விதிப்படி படிப்பு நேரம் ஒதுக்கப்பட்ட ஏற்பாட்டிலேயே அந்த நிலை.

வழிப்போக்கர் எழுதியது:

இவ்வளவு நீளமாக எழுதுவானேன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. வேலை தெரிந்தவனுக்குப் பட்டமே எதற்கு?

அளவுகோல் எழுதியது:

வழிப்போக்கர் அவர்களே, பட்டம் இல்லை என்ற ஒரே காரணத்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் வராமல் போனவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். பதில் உடனே கிடைக்கும்.

நான் இத்தகைய படிப்புகளுக்குப் புறத்தேர்வாளராக, அதாவது மதிப்பீட்டை வெளியிலிருந்து வந்து சரிபார்ப்பவராக, சென்று வருபவன். மேலே இருவரும் தொடாத ஓர் இடம் கணக்கு. ஐரோப்பியக் கிரெடிட் முறையில் ஒரு முழுநேரக் கல்வியாண்டுக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு. ஆக ஆண்டுக்கு 1500 முதல் 1800 மணி நேரம். இப்போது வாரம் 40 மணி நேரம், ஆண்டுக்கு 45 வாரம் வேலை பார்க்கும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் அதே 1800 வருகிறது. இந்தப் பொருத்தம்தான் எல்லாக் குளறுபடிகளுக்கும் வேர். "அவர்தான் ஆண்டு முழுவதும் வேலை பார்க்கிறாரே, அதையே கற்றல் நேரமாகக் காட்டிவிடலாமே" என்று யாராவது ஒருவர் கூட்டத்தில் சொல்லாமல் இருந்ததில்லை.

ஒழுங்காக நடத்தப்படும் படிப்புகளில் அனுபவத்துக்குக் கிரெடிட் கிடையாது. அந்த அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டதற்குத்தான் கிரெடிட். முன்கற்றலை அங்கீகரிக்கக் கோரி என்னிடம் வரும் கோப்புகளில் பாதிக்கு மேல் பணி நியமன ஆணை, பாராட்டுக் கடிதம், பயிற்சி முகாமில் எடுத்த குழுப்படம் என்றே இருக்கும். பத்து ஆண்டு அனுபவம் என்பது சில வேளைகளில் ஓராண்டு அனுபவத்தைப் பத்து முறை செய்ததாகவும் இருக்கும். "இந்த முடிவை ஏன் எடுத்தீர்கள், வேறு என்னென்ன வழிகள் இருந்தன, இன்று அதே நிலை வந்தால் எதை மாற்றுவீர்கள்?" என்ற கேள்விக்கு நான்கு பக்கம் எழுதியவருக்கு நான் தயங்காமல் கிரெடிட் பரிந்துரைத்திருக்கிறேன், அழகாகப் பைண்டிங் செய்த இருநூறு பக்கக் கோப்பைத் திருப்பியும் அனுப்பியிருக்கிறேன்.

வேலையும் கல்வியும் ஒன்றையொன்று கெடுக்கும் என்ற அச்சத்துக்கு மருத்துவக் கல்வியின் வரலாறே போதுமான பதில். ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்காவிலும் கனடாவிலும் உள்ள 155 மருத்துவப் பள்ளிகளை ஆராய்ந்து 1910இல் வெளியிட்ட அறிக்கை, இலாபத்துக்காக நடந்த பள்ளிகளைக் கடுமையாகச் சாடி, மருத்துவக் கல்வி பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஆய்வுக்கூட அறிவியலோடு நடக்க வேண்டும் என்றது. ஆனால் நோயாளியின் படுக்கையை விட்டு விலகச் சொல்லவில்லை. மருத்துவமனை கல்வியின் பகுதியாகவே இருக்க வேண்டும், அங்கே கற்பிப்பதும் மதிப்பிடுவதும் கல்வியாளர் கையில் இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பொறியியலுக்கும் மேலாண்மைக்கும் அதே அளவுகோலை ஏன் வைக்கக் கூடாது?

இரவுப்பணி எழுதியது:

அளவுகோல் அவர்கள் சொன்ன கோப்புக் கணக்கைப் படித்துச் சிரித்துவிட்டேன். என் கோப்பிலும் ஒரு குழுப்படம் இருந்தது.

கரும்பலகை ஐயா சொன்ன இங்கிலாந்துக் கணக்கு எல்லா நிலைப் பயிற்சிகளையும் சேர்த்தது. அதைப் பட்டப்படிப்பின் மேல் அப்படியே ஏற்ற முடியாது. இருந்தாலும் நேரத்தைப் பற்றி அவர் சொன்னதை மறுக்க எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பிரிவில் என்னோடு சேர்ந்த ஆறு பேரில் முடித்தவர்கள் மூவர். விலகியவர்களுக்குப் பாடம் புரியாமல் இல்லை. புதன்கிழமை படிப்பு நாள் என்று எழுதியிருக்கும். செவ்வாய் மாலை "நாளை ஆள் குறைவு, அடுத்த வாரம் சேர்த்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மேற்பார்வையாளர் சொல்வார். அந்த அடுத்த வாரம் வரவே வராது. இன்று நான் பணியிட வழிகாட்டியாக இருப்பதால் இன்னொன்றும் தெரிகிறது: அந்த மேற்பார்வையாளர் கெட்டவர் அல்லர், அவரிடம் இருந்த ஆள் எண்ணிக்கையில் படிப்பு நாளை யாரும் கழித்துக் கொடுக்கவில்லை. பல்கலைக்கழகமும் நிறுவனமும் ஒப்பந்தம் போட்டன. ஷிப்ட் பட்டியல் போடுபவருக்கு அதைப் பற்றிச் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆண்டு ஊதியச் செலவு 30 இலட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்களிடம் பிரிட்டன் 2017 முதல் 0.5 விழுக்காடு பழகுநர் பயிற்சி வரி வாங்குகிறது. இங்கிலாந்தில் அந்தப் பணத்தைக் கொண்டு, ஏற்கெனவே நல்ல பதவியில் இருக்கும் மேலாளர்களை எம்பிஏ படிக்க வைத்த நிறுவனங்கள் உண்டு. அதற்குக் கடுமையான கண்டனமும் எழுந்தது. வாசல் திறந்தால் முதலில் நுழைபவர் எப்போதும் வெளியே நின்றவராகவே இருப்பார் என்று நம்ப முடியாது.

கரும்பலகை எழுதியது:

நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள், நானும் ஓர் அடி இறங்கி வருகிறேன். மதிப்பீடு முழுவதும் பல்கலைக்கழகத்தின் கையில் இருந்து, புறத்தேர்வாளரும் உண்மையாகவே புறத்தே நிற்பவராக இருந்தால், பணியிடத்தில் கற்றதைப் பட்டத்துக்கு உரியதாக ஏற்பதில் எனக்குத் தடை இல்லை.

ஆனால் ஓர் இடத்தில் நான் அசைய மாட்டேன். இறுதி ஆண்டு ஆய்வறிக்கைகளில் "நிறுவன இரகசியம்; தேர்வாளர் தவிர வேறு யாரும் படிக்கக் கூடாது" என்ற முத்திரையோடு வந்தவற்றை நானே திருத்தியிருக்கிறேன். ஒரு மாணவி, தன் நிறுவனம் வாடிக்கையாளர் புகார்களை எண்ணும் முறையில் உள்ள பிழையைத் தெளிவாக நிறுவியிருந்தார். அறிக்கையின் முதல் வரைவில் அந்த அதிகாரம் இருந்தது. இறுதி வடிவில் அது அரைப் பக்கமாகச் சுருங்கி, "சில மேம்பாடுகள் பரிந்துரைக்கப்படுகின்றன" என்று முடிந்திருந்தது. அவரை யாரும் மிரட்டவில்லை. பணியிட வழிகாட்டி "இது தேவையா?" என்று ஒருமுறை கேட்டாராம், அவ்வளவுதான். ஊதியம் தருபவரையே ஆய்வுப் பொருளாகக் கொள்ளும் மாணவருக்கு, கண்டதை எழுதும் உரிமையை யார் காப்பார்? ஒப்பந்தத்தில் அதற்கு ஒரு வரி உண்டா?

அளவுகோல் எழுதியது:

நான் பார்த்த ஒப்பந்தங்களில் இரண்டில் மட்டும் இருந்தது. நிறுவனத்தின் பெயரையும் தரவுகளையும் மறைக்கலாம், முடிவை மாற்றக் கூடாது. கருத்து வேறுபாடு வந்தால் பல்கலைக்கழகக் குழுவின் சொல்லே இறுதி என்று எழுதியிருந்தார்கள். மற்றவற்றில் இரகசியக் காப்பு பற்றி மூன்று பக்கமும், மாணவரின் எழுத்துரிமை பற்றி ஒன்றுமில்லாமலும் இருந்தது. தறிநூல் அவர்களே, உங்கள் ஒப்பந்தத்தின் நகல் கையில் இருக்கிறதா?

தறிநூல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நகலை வாங்கி இரண்டு முறை படித்தேன். மதிப்பெண் போடுவது முழுக்கப் பல்கலைக்கழகம்தான், புறத்தேர்வாளரும் உண்டு. வேலையை விட்டு விலகினாலும் அதுவரை பெற்ற கிரெடிட் என் பெயரிலேயே இருக்கும், வேறு நிறுவனத்தில் இருந்தபடி தொடரலாம் என்றும் எழுதியிருக்கிறது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆய்வறிக்கையில் உண்மையை எழுதும் உரிமை பற்றி ஒரு சொல்லும் இல்லை. அளவுகோல் அவர்கள் குறிப்பிட்ட வாசகத்தை அப்படியே சேர்க்கக் கேட்டு மனு எழுதினேன்.

படிப்பு நாளுக்கான பிரிவில் "வாரம் ஒரு நாள், பணித் தேவைக்கு உட்பட்டு" என்று இருந்தது. கடைசி மூன்று சொற்களைப் பேனாவால் அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு, ஷிப்ட் பட்டியல் போடும் எங்கள் மேற்பார்வையாளரின் கையெழுத்துக்கும் ஓர் இடம் விட்டு, திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தேன். இன்று வெள்ளிக்கிழமை. பல்கலைக்கழகத்திலிருந்து சம்மதம் வந்துவிட்டது. நிர்வாகத்திடமிருந்து இன்னும் பதில் இல்லை.