எழுந்து நின்றால் அம்மாவுக்குக் கண் இருட்டுகிறது, யாரிடம் காட்டலாம்?

வணக்கம். நாங்கள் கம்பம். அம்மாவுக்கு 54 வயது. தினமும் விடியற்காலை ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாக வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிறார்.

ஒன்றரை மாதமாக, உட்கார்ந்து சட்டென்று எழுந்தால் தலை கிறுகிறுக்கிறது. பார்வை ஓரத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்து, நடுவில் பூச்சி பறப்பதுபோல் மின்னுகிறதாம். பத்துப் பதினைந்து நொடியில் தெளிந்துவிடும். படுத்திருக்கும்போது எதுவும் இல்லை. போன செவ்வாய்க்கிழமை செடித் தூரில் காய் எடுத்துவிட்டு எழுந்தவர், செடியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டார். அது மலைச்சரிவு, அதுதான் பயம்.

ஈசிஜி சரி, சர்க்கரை இல்லை. ஹீமோகுளோபின் 10.6, இரும்புச்சத்து மாத்திரை மூன்று வாரமாகப் போடுகிறார். மெதுவாக எழச் சொன்னோம், கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். பிரஷருக்கு நாலு வருடமாக அம்லோடிபின் 5 மி.கி. இரண்டு மாதம் முன்பு ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 சேர்த்தார்கள், அது சிறுநீரைக் கூட்டும் மாத்திரை. தோட்டத்தில் கழிப்பிடம் தூரம் என்று வேலை முடியும்வரை அம்மா தண்ணீரே குடிப்பதில்லை. இதைச் சொல்லவே அவருக்கு ஒரு மாதம் ஆனது.

கிளினிக்கில் உட்கார வைத்து மட்டும் பார்த்து நார்மல் என்றார்கள். வீட்டில் நான் பார்த்தேன்: படுக்கையில் 132/84, எழுந்து ஒரு நிமிடத்தில் 106/72. மேல் அளவு 20க்கு மேல் இறங்கினால் கவனிக்க வேண்டும் என்பார்கள். மாத்திரையை நாங்களாக நிறுத்தவில்லை.

கம்பம், தேனி, குமுளி சுற்றுவட்டத்தில், நிற்க வைத்தும் பிரஷர் பார்த்து மருந்தைச் சரிசெய்து தரும் மருத்துவர் யார்?