பீக் அபட்மென்ட்: கடைவாயில் நிரந்தரமாக விடலாமா?

வெள்ளவத்தைவாசி:
கீழ்க் கடைவாயில் இம்ப்ளாண்ட் (எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல் வேர்) போட்டு ஐந்து மாதம். மேலே தற்காலிகத் தொப்பி. அதைத் தாங்கி இம்ப்ளாண்டோடு இணைக்கும் துண்டு, அதாவது அபட்மென்ட், பீக் என்ற பொலிமரால் ஆனது. "இதையே விட்டு நிரந்தரத் தொப்பி போடலாம், எலும்பு மாதிரி இளக்கம், கடிக்கிற அதிர்ச்சியை உறிஞ்சும்" என்கிறார் பல் டொக்டர். டைட்டேனியத்தை விடச் செலவும் குறைவாம். விடலாமா?

லேப்_தம்பி:
வேண்டாம் அண்ணா. கொட்டாஞ்சேனையில் பல் லேபில் வேலை செய்கிறேன். தற்காலிக பீக் அபட்மென்டுக்கு உற்பத்தியாளர்கள் பெரும்பாலும் 180 நாள்தான் எல்லை சொல்வார்கள். ஆடுகிற தொப்பியோடு திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

பேராதனை_பழசு:
நான் பல் வைத்தியன். 180 நாள் என்பது அந்தப் பயன்பாட்டுக்கு வைத்த எல்லை, பொருளின் ஆயுள் இல்லை தம்பி. முதுகெலும்பு அறுவையில் வைக்கும் பீக் ஆண்டுக்கணக்காக உடம்புக்குள் இருக்கிறது. விறைப்பைப் பாருங்கள்: எலும்பின் வெளிப்புறம் ஏறக்குறைய 14 கிகாபாஸ்கல், டைட்டேனியம் 110, சிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் 200, பீக் 3 முதல் 4. சிர்கோனியாவை நேரே பூட்டினால் இம்ப்ளாண்டின் உள்வாயையே தேய்த்துவிடும். பீக் தேய்க்காது. உடைந்தாலும் அதுதான் உடையும், இம்ப்ளாண்ட் தப்பும். வீட்டு ஃபியூஸ் மாதிரி.

மொறட்டுவை_மெக்கானிக்கல்:
உங்கள் கணக்கின்படியே பீக் எலும்பு மாதிரி இல்லையே டொக்டர், அதில் கால்வாசிதான். 18 வரை போவது கார்பன் இழை கலந்தது. அது கறுப்பு, வாயில் யாருக்குப் பிடிக்கும்? அப்புறம் இந்த 'உறிஞ்சும்' கதை. மெல்லக் கடிக்கும்போது விசை எங்கேயும் கரைவதில்லை. கடைவாயில் 500 நியூட்டன் விழுந்தால் 500ம் எலும்புக்குப் போகும். இளகிய அபட்மென்ட் வளையும், அந்த வளைவை நடுவில் நிற்கும் மெல்லிய ஸ்குரூ வாங்கும். ஃபியூஸ் போகுமுன் ஸ்குரூ போனால்? இம்ப்ளாண்டுக்குள் உடைந்த புரியைத் தோண்டி எடுப்பது யார் வேலை?

பேராதனை_பழசு:
எடுத்திருக்கிறேன். நல்ல வேலை இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் சாதாரணக் கடியைத் தாங்கும் என்று சோதனைக்கூட எண்கள் சொல்கின்றன.

மொறட்டுவை_மெக்கானிக்கல்:
ஒரே அழுத்தில் உடைத்துப் பார்த்த எண்கள்தானே? வாய் அப்படியா வேலை செய்கிறது? இம்ப்ளாண்டுகளின் களைப்பைப் பார்க்கும் ஐஎஸ்ஓ 14801 சோதனையில் 30 பாகை சாய்த்து வைத்து, உலர்வாக 50 இலட்சம் தடவை, ஈரத்தில் மெதுவாக என்றால் 20 இலட்சம் தடவை தட்டுகிறார்கள். களைப்பில்தான் பொருள் தன் குணத்தைக் காட்டும். பீக் தொடர்ந்த அழுத்தத்தில் மெல்ல மெல்ல அமுங்கும் வேறு. அமுங்கினால் ஸ்குரூவின் இழுவிசை குறையும், அதற்குப் பிறகு ஆட்டம்தான்.

லேப்_தம்பி:
அதனால்தான் டைட்டேனியத்தில் 35 நியூட்டன்-சென்டிமீட்டர் முறுக்கும் சிஸ்டத்தில்கூட பீக்கை அவ்வளவு இறுக்க விடமாட்டார்கள். பசையும் இதில் இலேசில் பிடிக்காது, மணல் அடித்துச் சொரசொரப்பாக்க வேண்டும்.

பேராதனை_பழசு:
சரி, முழு பீக்கைக் கடைவாயில் நானும் வைக்கமாட்டேன், பல் நெரிப்பவருக்கு அறவே இல்லை. டைட்டேனியம் அடித்தளத்தில் ஒட்டிய பீக் என்றால் வைப்பேன். ஸ்குரூ உலோகத்தில் உட்காரும், உங்கள் அமுங்கல் வாதம் அங்கே எடுபடாது. முன்பல்லுக்குத் தாராளமாக. வெள்ளவத்தை, உங்களுடையது எது? எக்ஸ்ரேயைப் பாருங்கள், பீக் அதில் தெரியாது, டைட்டேனியம் வெள்ளையாகத் தெரியும்.

வெள்ளவத்தைவாசி:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். இம்ப்ளாண்டுக்கு மேலே ஸ்குரூ மட்டும் தனியாக அந்தரத்தில் நிற்கிறது.

லேப்_தம்பி:
அண்ணா, நாளைக்கே அப்பொயின்ட்மென்ட் எடுங்கள். அதுவரை அந்தப் பக்கம் முறுக்கு வேண்டாம்.