'ஆர்மிஸ்டிஸ்': போர்நிறுத்தமா, சமாதானமா?

நெய்தல்:
முதல் உலகப் போர் பற்றிய கட்டுரைத் தொகுப்பு ஒன்றைத் தமிழாக்க வேண்டும். 'ஆர்மிஸ்டிஸ்' (armistice) வரும் இடத்தில் போர்நிறுத்தம் என்று எழுதினால், 'சீஸ்ஃபயர்' (ceasefire) வரும்போதும் அதே சொல்தான் கைக்கு வருகிறது. சமாதான உடன்படிக்கை என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எது சரி? சேர்த்து எழுதுவதா, பிரித்தா?

பாணன்:
சமாதான உடன்படிக்கை வேண்டவே வேண்டாம். 1918 நவம்பர் 11 அதிகாலை, பிரான்சின் காம்பியேன் காட்டில் ஒரு ரயில் பெட்டிக்குள் கையெழுத்தானது ஆர்மிஸ்டிஸ். அன்று காலை 11 மணிக்கு அமலுக்கு வந்தது. அதற்கு முதலில் வைத்த ஆயுளே 36 நாள்தான். பிறகு நீட்டித்துக்கொண்டே போனார்கள். சமாதானம் எனத்தக்க வெர்சாய் உடன்படிக்கை கையெழுத்தானது 1919 ஜூன் 28இல். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால், இடைப்பட்ட ஏழு மாதமும் ஜெர்மனி மீதான கடல் முற்றுகை ஏன் நீடித்தது என்று வாசகர் குழம்பிப்போவார்.

போர் நடத்தும் முறை பற்றிய 1907 ஹேக் விதிகளின் 36ஆம் பிரிவு தெளிவானது: இரு தரப்பும் ஒத்துக்கொண்டு போர் நடவடிக்கைகளை நிறுத்திவைப்பதே ஆர்மிஸ்டிஸ். காலவரம்பு குறிக்கவில்லை என்றால், ஒத்துக்கொண்டபடி முன்னறிவித்துவிட்டு எந்தத் தரப்பும் மறுபடி தொடங்கலாம். சொல்லின் பிறப்பும் அப்படித்தான். லத்தீனில் முன்பாதி ஆயுதம், பின்பாதி நிற்றல். நம் 'நிறுத்தம்' அழகாகப் பொருந்துகிறது.

என் பரிந்துரை: சீஸ்ஃபயருக்குச் சண்டைநிறுத்தம், ஆர்மிஸ்டிஸுக்குப் போர்நிறுத்த ஒப்பந்தம், கடைசியில் வருவதற்கு அமைதி உடன்படிக்கை.

கல்வெட்டு:
பாணன் சொன்னதில் ஒரு சிக்கல். இலங்கையில் 2002 பிப்ரவரி 22இல் கையெழுத்தானதையும் போர்நிறுத்த ஒப்பந்தம் என்றே எழுதுகிறோம். அது சீஸ்ஃபயர் வகை. விலக நினைக்கும் தரப்பு 14 நாள் முன்னதாக அறிவித்தால் போதும் என்பது அதன் விதி. 2008 ஜனவரியில் அப்படித்தான் முடிந்தது. ஆகவே முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள்.

ஐயம் வந்தால் 'ஒருதலைப்பட்சமான' என்ற அடையைச் சேர்த்துப் பாருங்கள். ஒருதலைப்பட்சமான சண்டைநிறுத்தம் உண்டு. ஒருதலைப்பட்சமான ஆர்மிஸ்டிஸ் கிடையாது.

வினைச்சொல்லிலும் கவனம் வேண்டும். "கொரியப் போர் 1953இல் முடிந்தது" என்று எழுதுவது பிழை. ஜூலை 27இல் பன்முன்ஜொம் என்ற ஊரில் ஆர்மிஸ்டிஸ் கையெழுத்தாகிப் போர் *நின்றது*. அமைதி உடன்படிக்கை இன்றுவரை இல்லை.

எழுத்துமுறை: ஒரே பெயர்ச்சொல்லாக வருவதால் சேர்த்தே எழுதுங்கள். போர்நிறுத்தக் கோடு, போர்நிறுத்தப் பேச்சு என வல்லினத்துக்கு முன் ஒற்று மிகும். போர்நிறுத்த ஒப்பந்தம், போர்நிறுத்த நாள் இரண்டிலும் மிகாது.

நெய்தல்:
மிக்க நன்றி. பழைய தமிழில் 'சந்து செய்தல்' என்று ஒன்று உண்டே, அதை எடுத்தாளலாமா?

பாணன்:
இங்கே பொருந்தாது. சந்து செய்தல் என்றால் மூன்றாமவர் நடுவே புகுந்து இருவரை இணக்குவது. உறையூரைச் சோழன் நலங்கிள்ளி முற்றுகையிட, இன்னொரு சோழன் நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைபட்டிருந்தபோது புலவர் கோவூர் கிழார் செய்தது அது. புறநானூறு 45ஆம் பாட்டு, துறை (பாட்டின் பொருள் வகை) துணைவஞ்சி. உங்கள் தொகுப்பில் நடுவர் நாடு ஒன்று தூது போகும் இடம் வந்தால், அங்கே தாராளமாக எழுதுங்கள்.