பைப் ஆர்கன் கலைச்சொற்கள்: ‘வாய்சிங்’ என்பதற்கு ‘நாதப்பதம்’

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இசையரங்கப் பைப் ஆர்கனின் (குழல்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கச் செய்யும் பெருங்கருவி) அமைப்பும் பராமரிப்பும் குறித்த நம் குழுவின் சொற்பட்டியலில் ‘ட்யூனிங்’ (tuning), ‘வாய்சிங்’ (voicing, குழலின் நாதத்தை அமைக்கும் வேலை) ஆகிய இரண்டுக்கும் ‘சுருதி சேர்த்தல்’ என்ற ஒரே சொல் இடப்பட்டிருக்கிறது. முதலாவதற்கு அது முற்றிலும் பொருந்தும். தம்புராவுக்கும் வீணைக்கும் அப்படித்தான் சொல்கிறோம். இரண்டாவதற்கும் அதையே வைத்தால், ஆர்கன் கட்டும் தொழிலில் மிக நுட்பமான வேலை பெயரற்றுப் போய்விடும். ஆகவே ‘வாய்சிங்’ என்பதற்கு ‘நாதப்பதம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். வேலை இன்னதென்று தெளிவானால்தான் சொல்லின் பொருத்தம் விளங்கும் என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன்.

உலோகக் குழல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். வெள்ளீயமும் காரீயமும் கலந்த தகட்டை உருட்டிப் பற்றவைத்துச் செய்த அந்தக் குழலின் அடிப்பகுதி கூம்பாக ஒடுங்கும். கூம்பின் நுனித்துளை வழியே காற்றறையிலிருந்து காற்று ஏறும். கூம்பும் உடலும் சேரும் இடத்தில் குறுக்குத்தகடு ஒன்று இருக்கிறது. அதன் முன்விளிம்புக்கும் கீழுதட்டுக்கும் நடுவே உள்ள மெல்லிய பிளவிலிருந்து பட்டையாக எழும் காற்று மேலுதட்டில் மோதி, உள்ளும் புறமுமாக ஊசலாடி, உடலுக்குள் இருக்கும் காற்றுத்தூணை அதிரச் செய்கிறது. இரண்டு உதடுகளுக்கும் நடுவே உள்ள திறப்புதான் வாய்; இப்படி ஒலிப்பவை வாய்க்குழல்கள். சுருதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உடலின் நீளம்தான்: 8 அடி நீளமுள்ள திறந்த குழல் ஏறத்தாழ 65 ஹெர்ட்சில் ஒலிக்கும், அதன் மேல்முனையை அடைத்துவிட்டால் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். ஆனால் அந்தச் சுருதி எத்தகைய நாதத்தோடு வெளிப்படும் என்பது பெரிதும் வாயைச் செதுக்கும் கையில் இருக்கிறது.

நுனித்துளையைச் சற்றே அகட்டினால் காற்று மிகுந்து ஒலி வலுக்கும்; தட்டி ஒடுக்கினால் அடங்கும். குறுக்குத்தகட்டை மயிரிழை தாழ்த்தினாலோ உயர்த்தினாலோ காற்றுப்பட்டை மேலுதட்டுக்கு உள்ளோ வெளியோ சாயும். குழல் சட்டென்று பேசுவதும் தயங்கிப் பேசுவதும் அதைப் பொறுத்தவை. தகட்டின் விளிம்பில் நுண்ணிய கீறல்களை இட்டால், ஒலி தொடங்கும் கணத்தில் எழும் சீறல் தணியும். கீறாமல் விட்டால் அந்தச் சீறல் உயிருக்கு முன் வரும் மெய்யைப் போல ஒவ்வொரு சுரத்தின் முன்னும் கேட்கும். மேலுதட்டை வெட்டி வாயை உயர்த்தினால் மேற்சுரங்கள் (அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்தொலிக்கும் உயர் அதிர்வுகள்) குறைந்து நாதம் உருண்டு திரளும். வாயின் உயரம் அதன் அகலத்தில் கால்பங்கை ஒட்டி இருப்பது பொதுவான அளவு என்றாலும், ஒவ்வொரு குழல்வரிசைக்கும் அது மாறும். வெட்டிய உலோகத்தை மீண்டும் ஒட்டவைப்பது பெரும்பாடு என்பதால், இந்த வேலையைச் செய்பவர் கொஞ்சம் செதுக்கி, ஊதவிட்டுக் கேட்டு, மறுபடி செதுக்குகிறார். இவ்வளவிலும் அவர் தேடுவது சுருதியை அன்று, நாதத்தின் பதத்தை.

உலோக நாக்கு அதிர்ந்து ஒலிக்கும் நாக்குக் குழல்களில் வேலை வேறு வகைப்படும். (பட்டியலில் இவற்றுக்குச் ‘சீவாளிக் குழல்’ என்று இருப்பதை ஏற்க இயலவில்லை. சீவாளி என்பது இரட்டை நாக்கு, அதுவும் தாவரத்தால் ஆனது. ஆர்கனில் இருப்பது ஒற்றைப் பித்தளை நாக்கு.) அங்கே நாக்கின் வளைவுதான் எல்லாம். வளைவு குறைந்தால் ஒலி மெலிந்து விரையும். மிகுந்தால் பேசத் தாமதமாகும் அல்லது பேசவே பேசாது. நாக்கை அழுத்திப் பிடிக்கும் கம்பியை நகர்த்துவதோ சுருதி சேர்க்கும் வேலை. ஒரே நாக்கில் இரண்டு வேலைகள் இப்படித் தனித்தனியே நடப்பதைப் பார்த்த பிறகு, இரண்டுக்கும் ஒரே பெயர் போதும் என்று வாதிடுவது கடினம்.

பராமரிப்பில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். அரங்கின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் ஏறினால், காற்றில் ஒலியின் வேகம் கூடுவதால், வாய்க்குழல்களின் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) உயரும். அதாவது 440 ஹெர்ட்ஸ் சுரம் முக்கால் ஹெர்ட்ஸ் ஏறும். நாக்குக் குழல்கள் அந்த அளவுக்கு நகர்வதில்லை. ஆகவே இரண்டும் பிணங்கி நிற்கும்போது, பராமரிப்பவர் ஆயிரக்கணக்கான வாய்க்குழல்களைத் தொடாமல், எண்ணிக்கையில் குறைந்த நாக்குக் குழல்களை அவற்றோடு இணங்கச் செய்துவிட்டுப் போகிறார். இது சுருதி சேர்த்தல். கச்சேரிக்குக் கச்சேரி நடக்கக்கூடியது. நாதப்பதம் அப்படியன்று. தூசு படிந்து குழல் மந்தமானால் முதலில் தூசைத்தான் அகற்ற வேண்டுமே தவிர, வாயைத் திருத்தக்கூடாது; அவசரப்பட்டுத் திருத்தினால், கட்டியவர் விட்டுச்சென்ற நாதம் தூசோடு சேர்ந்து போய்விடும். பழைய ஆர்கன்களைப் புதுப்பிக்கும்போது எழும் சச்சரவுகளில் பாதி இதைப் பற்றியவையே. பராமரிப்பு ஒப்பந்தத்தைத் தமிழில் எழுத நேர்ந்து, அதில் இரண்டுக்கும் ஒரே சொல் நின்றால், யார் எதைத் தொடலாம் என்பதே குழம்பிப்போகும்.

அரங்குக்கென்று கட்டப்படும் ஆர்கனில் இந்த வேலைக்குத் தனிக் கனம் உண்டு. ஒலி நெடுநேரம் சுழலும் தேவாலயத்தில் எதிரொலியே பல கரடுமுரடுகளை மழுப்பிவிடும். இசையரங்கில் அந்த நேரம் ஏறத்தாழ 2 வினாடிதான். பக்கத்தில் முழு ஆர்க்கெஸ்ட்ராவும் இருக்கும். ஆகவே பட்டறையில் பதம் பார்த்த குழல்களையும் அரங்கில் நிறுத்தி மறுபடி ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் வால்ட் டிஸ்னி அரங்கு 2003இல் திறக்கப்பட்டது. அதன் 6,134 குழல்கள் கொண்ட ஆர்கன் கச்சேரிக்கு வந்ததோ 2004இல்தான். குழல்களை நிறுத்திவிட்டால் ஆர்கன் முடிந்துவிடுவதில்லை. லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் 1871இல் ஹென்றி வில்லிஸ் கட்டிய ஆர்கனில் இன்று 9,999 குழல்கள் இருக்கின்றன. சிட்னி ஆப்பரா ஹவுசில் ரொனால்ட் ஷார்ப் வடிவமைத்து 1979இல் முடித்ததில் 10,000க்கும் மேல். இத்தனையையும் தனித்தனியே கேட்கும் காதுக்கு உரிய வேலையைப் பட்டியலில் துணைவேலை போலக் காட்டுவது நியாயமாகாது.

இனி, முன்வைக்கப்பட்ட மற்றச் சொற்கள். ‘குரலமைப்பு’ என்பது நேர்ப்பெயர்ப்பு. கேட்கவும் நன்றாக இருக்கிறது. ஆனால் பழந்தமிழ் இசையில் ‘குரல்’ என்பது ஏழு சுரங்களில் முதலாவது. குரல், துத்தம், கைக்கிளை என்று தொடங்கும் வரிசையை அறிந்தவர் ‘குரலமைப்பு’ என்றதும் சுரத்தை, அதாவது சுருதியைத்தான் நினைப்பார். எதைத் தவிர்க்கப் புதுச்சொல் தேடுகிறோமோ அங்கேயே கொண்டுபோய் விடும் சொல் அது. ‘ஒலிப்பு’ மொழியியலில் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. குரல்நாண் அதிர்ந்து பிறக்கும் மெய்களைக் குறிக்க அதைத்தான் ஆள்கிறோம். ‘நாதச் சீரமைப்பு’ என்றால் கெட்டதைச் சரிசெய்வது என்ற பொருள் தொனிக்கும். புதுக்குழலில் கெட்டுப்போக என்ன இருக்கிறது?

‘நாதப்பதம்’ மீதும் இரண்டு மறுப்புகள் வரலாம். இசையில் ‘பதம்’ ஒரு பாடல்வகை ஆயிற்றே என்பது ஒன்று. தனிச்சொல்லாக நின்றால் அந்தக் குழப்பம் உண்டு. ‘நாதம்’ முன்னே ஒட்டிய பிறகு யாரும் அதைப் பாட்டென்று கொள்ளமாட்டார்கள். பாகுக்கும் மண்ணுக்கும் நாம் சொல்லும் அந்தப் ‘பதம்’, மிகாமலும் குறையாமலும் நிற்கும் நிலையைக் குறிக்கிறது. இந்த வேலையின் இயல்பும் அதுவே. ‘நாதம்’ வடசொல், ‘ஒலிப்பதம்’ என்றால் என்ன என்பது மற்றது. ஒலி என்பதில் இரைச்சலும் அடங்கும். கருவியின் இனிமையைப் பேசும்போது இசைவாணர் வாயில் இயல்பாக வருவது நாதம்தான். தூய்மையைக் காட்டிலும் வழக்குக்கு இங்கே முதலிடம் தருவேன். குழுவில் பெரும்பான்மையோர் ‘ஒலிப்பதம்’ என்று முடிவுசெய்தால் எனக்குப் பிடிவாதமில்லை.

வினையாக ஆளும்போது ‘நாதப்பதம் பார்த்தல்’ என்றும், குழலுக்குக் குழல் ஒலியளவு ஏறியிறங்காமல் ஒப்பச் செய்யும் அடுத்த கட்டத்தை ‘சமன்செய்தல்’ என்றும் எழுதலாம். பதிவுக்கான வரையறையை இவ்வாறு எழுதியிருக்கிறேன்: “நாதப்பதம்: ஆர்கன் குழலின் வாய், நுனித்துளை, குறுக்குத்தகடு, நாக்கு முதலியவற்றைச் செதுக்கியும் வளைத்தும் அதன் ஒலியின் தொடக்கம், வலிமை, நிறம் ஆகியவற்றை அரங்குக்கு ஏற்ப அமைத்தல், சுருதி சேர்த்தலின் வேறானது.” மரக்குழல்களில் குறுக்குத்தகட்டுக்கு ஈடாக மரக்கட்டை இருப்பதால் ‘முதலியவற்றை’ என்று பொதுவாக விட்டிருக்கிறேன், மரக்குழலுக்குத் தனிப் பதிவு வேண்டும் என்று கருதுவோர் எழுதுங்கள்.