அம்மாவின் முழங்கால் வலிக்கு அக்குபங்சர் (சீன ஊசி சிகிச்சை): சிங்கப்பூரில் செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் தேய்மானம். ஒரு மாடி ஏறுவதற்குள் கண் கலங்கி நின்றுவிடுகிறார். ‘ச்சி’ எனும் உயிராற்றல் தடைப்படும் இடத்தில்தான் வலி வரும் என்று பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சொல்லி, முழங்காலுக்குக் கீழே ஊசி குத்தும் ‘ஸூசான்லி’ புள்ளியைத் தொட்டே காட்டினார். 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அக்குபங்சர் செய்பவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், அதனால் போலி மருத்துவரிடம் மாட்டுவோமோ என்ற பயம் இல்லை.

கவலை வேறு. இரத்தம் உறையாமலிருக்க அம்மா வார்ஃபரின் சாப்பிடுகிறார். டாக்டரிடம் கேட்காமல் போக மாட்டோம். ஆனாலும், இந்த மாத்திரையோடு அக்குபங்சர் செய்துகொண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கட்டியதா? எத்தனை முறை போன பிறகு வலி குறைந்தது?

அப்புறம், மலாய் பேசும் சீன மருத்துவர் இருந்தால் சொல்லுங்கள். நாடி பார்த்து, நாக்கைப் பார்த்து நிறையக் கேள்வி கேட்பார்களாம். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. தன் வலியை அவரே சொல்ல வேண்டும்.