அம்மா "சாக்கொய்த்தியா"ன்னு சொன்னா என்ன தப்பு?

தோட்டத்துப்பையன்:
வணக்கம். நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம். அம்மா அந்தக் காலத்துல ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டுனவங்க, சாப்பாட்டுக் கடையில "சாக்கொய்த்தியா ஒன்னு, தாப்பாவ்"னு (தட்டையான அரிசி மீ, அதான் நூடுல்ஸ், பிரட்டுனது ஒன்னு, பார்சல்) சொன்னா சீனக் கடைக்காரர் தவுக்கே நிமிந்து கூட பாக்காம கட்டிக் குடுத்துருவாரு. என் தம்பி பொண்டாட்டி கேஎல்காரி (கோலாலம்பூர்), நல்ல புள்ளதான், ஆனா பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) அத்தனை பேர் முன்னாடி "அத்தை, அது சார் குவே தியாவ், ஒழுங்கா சொல்லுங்க"ன்னுட்டா. அம்மா ஒன்னும் பேசல, இப்ப கடைக்கு என்னையத்தான் அனுப்புறாங்க. தம்பிகிட்ட சொன்னா சண்டையாயிடும், அவகிட்ட எப்படி சொல்றது?

பினாங்குக்காரி:
உங்க தம்பி பொண்டாட்டி சொன்னதும் எங்க ஊருல செல்லாது லா 😂 இங்க ஹொக்கியென் சீனத்துல கோய் தியாவ். உங்க ஈப்போ பக்கம் கெந்தனீஸ் பேசுற சீனவங்க அந்த தட்டையான அரிசி மீய ஹோர் ஃபன்னும்பாங்க. சீனத்துல ஒரே சொல்ல ஏத்தி இறக்கி சொன்னாலே அர்த்தம் மாறிடும், நாம யாரு சொன்னாலும் தவுக்கே காதுக்கு கோணல்தான்.

கோப்பிஓ கொசோங்:
நான் ரொட்டி சானாய் (நம்ம பரோட்டா மாதிரி) போடுறவன். வெள்ளைக்காரங்க வந்து "கனாய்"னு கேப்பாங்க, அவங்கள சொல்லி குத்தமில்ல, மலாய்ல அந்தக் காலத்துல 'ச'வுக்கு இங்கிலீஷ் எழுத்துல சி எச் போட்டு எழுதுனது 1972ல எழுத்துமுறைய மாத்துனப்ப வெறும் சி ஆயிடுச்சு, அத அவங்க 'க'ன்னு படிச்சிடுறாங்க. நான் திருத்த மாட்டேன். உள்ள பாத்து "ரொட்டி சானாய் ரெண்டு, தே தாரிக் ஒன்னு, கொராங் மானிஸ்"னு (இழுத்து ஆத்துன டீ, சீனி கம்மி) ஒரு கத்து, அவ்வளவுதான், அடுத்த ரொட்டிக்கு அவங்களே சரியா கேப்பாங்க. உங்க தம்பி பொண்டாட்டியும் "எனக்கும் ஒரு குவே தியாவ் சொல்லுங்க அத்தை"ன்னு சொல்லிட்டு போயிருக்கலாம்.

லூனாஸ் அக்கா:
மலாய் மக்சிக், அதான் மலாய்க்கார அம்மாங்க, நம்ம இடியாப்பத்துக்கு தேங்காய்ப்பூவும் சிவப்புச் சீனியும் வச்சு "புத்து மாயாம்"னு நம்மகிட்டயே விக்கிறாங்க, யாராச்சும் திருத்துறமா? நாமளும் அப்படியேதான கேட்டு வாங்குறோம். வீட்டுப் பெரியவங்கன்னா மட்டும் டீச்சராயிடுறோம். தம்பி, மச்சாண்டார் நீங்க நேரா சொன்னா அந்தப் புள்ளைக்கு சங்கடமா இருக்கும், உங்க வீட்டுக்காரம்மாவ பக்குவமா பேசச் சொல்லுங்க.

தோட்டத்துப்பையன்:
அக்கா எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல, அம்மாவுக்கு அது வேற கவலை 😅 தங்கச்சிய விட்டு பேசச் சொல்றேன்.

கோப்பிஓ கொசோங்:
அதெல்லாம் சரி, அந்தக் கடை எங்க இருக்கு? கெராங் (சிப்பி) நிறைய போடுவாரா?