டேப் லைப்ரரியில் எல்லா டேப்பும் அறியாதவை எனக் காட்டுகிறது: உதவி தேவை

இரவுப்பணி: வணக்கம். எங்கள் டேப் லைப்ரரியில் (பேக்கப் டேப்புகளை அடுக்கிவைத்து, தானாக எடுத்து டிரைவில் ஏற்றும் பெட்டி) உள்ள 24 டேப்புகளையும் இன்று காலை முதல் பேக்கப் மென்பொருள் அடையாளம் காண மறுக்கிறது. நேற்றுவரை சரியாக இருந்தது. எல்லாவற்றுக்கும் புதிதாக லேபிள் எழுதிவிடலாமா? அவசரம்.

எட்டாம்அடுக்கு: எந்த மென்பொருள், எந்தத் தலைமுறை டேப், லைப்ரரி காட்டும் பெயர் என்ன, கேட்டலாக்கில், அதாவது மென்பொருளின் பதிவேட்டில், உள்ள பெயர் என்ன? இவற்றைச் சொல்லும்வரை எதற்கும் லேபிள் எழுதாதீர்கள்.

பழையடேப்: பார்கோடு ஸ்டிக்கரை அலுவலக பிரிண்டரில் அச்சிட்டிருப்பீர்கள். கோட் 39 என்ற அந்த பார்கோடு வகையில், பட்டைகளின் இரு ஓரங்களிலும் போதிய வெற்றிடம் இல்லாவிட்டால் ரீடர் திணறும்.

தலைமைக்காப்பாளர்: 24 ஸ்டிக்கரும் ஒரே இரவில் கெட்டுவிடுமா? ஸ்டிக்கரில் இருப்பது வெளிப்பெயர், டேப்பின் தொடக்கத்தில் மென்பொருள் எழுதிவைப்பது உட்பெயர் என்ற வேறுபாடுகூடத் தெரியாமல் லேபிள் எழுதப் புறப்படுபவர், கையேட்டின் முதல் அத்தியாயத்தையாவது புரட்டிவிட்டு வரலாம்.

இரவுப்பணி: மன்னிக்கவும். மென்பொருள் பாகுலா, டேப் எல்டிஓ வகையின் ஆறாம் தலைமுறை (எல்டிஓ-6). கேட்டலாக்கில் 000117 என்றும் லைப்ரரி காட்டும் பெயரைச் சொல்லும் எம்டிஎக்ஸ் ஸ்டேட்டஸ் கட்டளையில் 000117எல்6 என்றும் இருக்கிறது. நேற்று மாலை லைப்ரரியின் கண்ட்ரோலர் போர்டை மாற்றினார்கள். அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்று நினைத்தேன்.

எட்டாம்அடுக்கு: அதுதான் தொடர்பு. எல்டிஓ பார்கோடில் 8 எழுத்துகள். முதல் 6 டேப்பின் பெயர், கடைசி 2 அதன் வகை. மென்பொருளுக்கு 6 எழுத்தை அனுப்புவதா, 8 எழுத்தை அனுப்புவதா என்பதைப் பல லைப்ரரிகளில் நாமே அமைக்கலாம். போர்டு மாறியதும் அந்த அமைப்பு 8க்குத் திரும்பியிருக்க வேண்டும். அதை 6 ஆக்கி, லைப்ரரியில் இன்வென்ட்டரி எடுத்து (எந்த ஸ்லாட்டில், அதாவது எந்த அறையில், எந்த டேப் என்று பார்கோடுகளைப் படிக்கவைத்து), பாகுலாவில் அப்டேட் ஸ்லாட்ஸ் கட்டளை கொடுங்கள். பார்கோடு படிக்காத டேப் இருந்தால், அந்த ஸ்லாட்டுக்கு மட்டும் ஸ்கேன் சேர்த்துக் கொடுங்கள். டிரைவில் ஏற்றி உட்பெயரைப் படிக்கும்.

பழையடேப்: வெறும் எண் வைத்ததே பிழை. நாங்கள் துறையையும் மாதத்தையும் அந்த 6 எழுத்துக்குள் அடக்கிவிடுவோம்.

தலைமைக்காப்பாளர்: மார்ச் மாத டேப்பின் மேல் ஆகஸ்டில் எழுதும்போது ஸ்டிக்கரை உரிப்பீர்களா? டிரைவைச் சுத்தம் செய்யும் க்ளீனிங் டேப்பைக் குறிக்கும் சிஎல்என் தவிர வேறெந்த அர்த்தமும் பெயரில் இருக்கக் கூடாது.

பழையடேப்: கேட்டலாக் அழிந்த நாளில் உங்கள் எண்ணை வைத்து என்ன செய்வீர்கள்?

தலைமைக்காப்பாளர்: கேட்டலாக்கையும் அன்றாடம் டேப்பில் எழுதுபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

இரவுப்பணி: 8 என்றுதான் இருந்தது. 6 ஆக்கியதும் 23 டேப்புகள் வந்துவிட்டன. ஒன்றில் மட்டும் ஸ்டிக்கர் உரிந்திருந்தது; ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கிறது. நன்றி.

பழையடேப்: அந்த ஸ்டிக்கர் அலுவலக பிரிண்டரில் அச்சிட்டதா?